மைக்கம்மாவின் குரலும் மூச்சும்

எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பவள் என் தம்பி பெண்டாட்டி. பேருந்து நிலையம் முழுக்க அவளுக்கு மைக்கம்மா என்றுதான் பெயர். அறிவிப்பு அறைக்கு நேர் கீழே என் தேநீர்க் கடை. நாள் முழுக்க அவள் குரல் என் தலைமேல்தான் விழும். வீட்டுக்குப் போனாலும் விட்டபாடில்லை. தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூட ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்கிற தோரணையில்தான் இருக்கும்.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அது குரல். கத்தவே மாட்டாள். பெஞ்சில் குறட்டை விடுகிறவன்கூடத் தன் ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான்.

அந்த அறைக்கு இருக்கும் ஒரே ஜன்னல், வண்டிகள் புகை கக்கும் பக்கம் திறக்கிறது. அவளுக்கு ஆஸ்துமா வந்து ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். ஒன்று மூச்சு முட்டும்போது அவசரத்துக்கு. மற்றது ஸ்டீராய்டு, நன்றாக இருக்கும் நாளிலும் காலையும் மாலையும் இழுக்க வேண்டியது. இழுத்தாள். இருமல் நின்றது. மாடிப்படி ஏறினால் இளைப்பதும் நின்றது. அப்பாடா என்று நாங்கள் உட்காரும்போது குரல் கரகரக்கத் தொடங்கியது.

“என்ன மைக்கம்மா, தொண்டைய உப்புத்தாள் போட்டுத் தேச்சியா?” என்று ஒரு டிரைவர் கேட்டான். மொட்டைத்தலையன், வாய் சும்மா இருக்காது. அவள் சிரித்தாள். ஆனால் நிலைய மேலாளர் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. “பாரும்மா, மெஷின் வந்து எறங்கியாச்சு. உன் குரல் சரியாகலன்னா பதிவு பண்ணின குரலப் போட்டுற வேண்டியதுதான்.”

அன்றோடு ஸ்டீராய்டை நிறுத்திவிட்டாள். எங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்திருந்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். கொஞ்ச நாளில் கரகரப்பு குறைந்தது, ஜெயித்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். மூச்சு முட்டும்போதெல்லாம் அவசர இன்ஹேலரை அடித்து அடித்து ஓட்டியிருக்கிறாள்.

ஒரு காலை, கூட்டம் நெட்டித் தள்ளுகிற நேரம். “நடைமேடை ஐந்தில் நிற்கும் பேருந்து...” என்றவள் அத்தோடு நின்றாள். பிறகு நிலையத்தின் அத்தனை ஒலிபெருக்கியிலும் ஒரே சத்தம். விசில் மாதிரி, கீச்சுக் கீச்சென்று, அவள் மூச்சு. நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

எனக்கு முன்னால் அந்த மொட்டைத்தலையன் ஏறிப் போயிருந்தான். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சுக்குத் தவித்தாள். கையில் அவசர இன்ஹேலர், ஆனால் அது காலி. அவன் அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு இறங்கித் தன் வண்டியிலேயே ஏற்றினான். ஆட்கள் நிரம்பியிருந்த வண்டி அது. எல்லோரும் இறங்குங்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு பெரியவர், “நேரா ஆஸ்பத்திரிக்கு விடுப்பா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார். ஒருவரும் இறங்கவில்லை. அந்த முகங்களை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். நரம்பில் ஊசி போட்டார்கள். மத்தியானம்தான் அவளால் பேச முடிந்தது. மருந்தை நிறுத்திய கதையை அப்போதுதான் டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டாள்.

“ஊசில என்ன போட்டீங்க டாக்டர்?”

“ஸ்டீராய்டுதான்மா. நீங்க பயந்து நிறுத்தினீங்களே, அதே இனம்தான்.”

“உடம்பு ஊதிரும், எலும்பு கரைஞ்சிரும்னு சொல்றாங்களே?”

“மாத்திரையா ரொம்ப நாள் சாப்பிட்டா அதெல்லாம் வரலாம். சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும். அதனாலதான் கண்காணிச்சுக் கொடுப்போம். அப்படி ரொம்ப நாள் சாப்பிடறவங்க திடீர்னு நிறுத்தவும் கூடாது, படிப்படியாத்தான் குறைக்கணும். நீங்க இழுக்கறது ரொம்பக் கொஞ்சம், நேரா நுரையீரலுக்குப் போறது. சரி, வாயத் திறங்க.”

உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

“மருந்து இழுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பினீங்களா?”

“இல்லையே. யாரும் சொல்லலையே.”

“நான்தான் சொன்னேன்” என்றார் டாக்டரம்மா. சொல்லியிருப்பார். ஊருக்கே அறிவிக்கிறவள் காதில் அடுத்தவர் அறிவிப்பு எங்கே ஏறும்? தொண்டையில் தங்குகிற மருந்துதான் குரலையும் கெடுத்து வாய்ப்புண்ணையும் கொண்டுவந்திருக்கிறது. இன்ஹேலரைப் பொருத்தி இழுக்க ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குடுவை கொடுத்தார். அதில் இழுத்தால் தொண்டையில் தங்குவது குறையுமாம். வாய்ப்புண்ணுக்குச் சொட்டு மருந்து. சில நாளைக்கு மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை, காலையில் சாப்பிட்ட பிறகு. சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிட வேண்டும், பிறகு தானாகக் கடையில் வாங்கக்கூடாது.

மாத்திரை நாட்களை ஏன் கேட்கிறீர்கள். அவளுக்கு அகோரப் பசி, என் கடை பன் ஒன்றும் தங்கவில்லை. தூக்கமும் இல்லை. அதிர்ந்து பேசாதவள் என் தம்பியைப் பிடி பிடியென்று பிடித்தாள். அவன் கடைக்கு ஓடிவந்து, “அக்கா, இந்த மாத்திரை எப்ப முடியும்?” என்று கேட்டான். “உனக்கும் ரெண்டு நாள் வேணும்டா” என்றேன்.

அவள் இல்லாத நாட்களில் மெஷின் பேசியது. பட்டறையில் படுத்திருக்கும் வண்டியைப் புறப்படத் தயார் என்றது. பாவம், மேலாளரே காதைப் பொத்திக்கொண்டார். ஆனாலும், குரல் திரும்பினால்தான் அவளுக்கு இடம் என்பதில் மாற்றமில்லை.

திரும்பி வந்த முதல் காலை. நான் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றேன். மேலாளரும் என் கடை வாசலில் நின்றார். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு...” வந்தது. அதே குரல், ஒரு பிசிறில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அறிவிப்பு முடிந்தது. வீட்டு அவசரத்தில் மறக்கக்கூடாது என்று காலை மருந்தை மைக் பக்கத்திலேயே வைத்திருந்தாள். மைக்கை அணைக்கத்தான் மறந்துவிட்டாள். அத்தனை ஒலிபெருக்கியிலும் புஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு களகளவென்று கொப்பளிப்பு. பிறகு ஒரு ‘தூ’. கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மொட்டைத்தலையன் வாயில் கேலி வந்து முட்டியது தெரிந்தது, ஆனால் அவன் சொல்லவில்லை. ஏனென்றால் அடுத்து அவள் மூச்சை இழுத்துவிட்டாள். நீளமான மூச்சு, நிலையம் முழுக்கக் கேட்டது. அதில் விசில் இல்லை.

மேலாளர் தேநீர் ஒன்று வாங்கி, தானே மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார்.