மூன்று நாள் மின்சாரம்

கல்யாணமான கையோடு, தொண்ணூறாம் வருஷம், விசாலம் கும்பகோணத்திலிருந்து புனேவுக்கு வந்தாள். கணவர் கல்யாணசுந்தரத்துக்குப் பிம்ப்ரியில் வேலை. மின்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தவளை ஓர் ஆராய்ச்சிக்கூடம் எடுத்துக்கொண்டது. வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்துவைக்கிற ஆராய்ச்சி. அவளிடம் அமிலம் தெறித்து ஓட்டை விழாத புடவையே கிடையாது.

தொண்ணூற்றேழில், மின்கம்பி போகாத மலைக் கிராமங்களின் சுகாதார நிலையங்களுக்கு சோலார் ஃபிரிட்ஜ் வைக்கும் திட்டம் வந்தது. சஹ்யாத்ரி மழையைப் பற்றி விசாரித்துவிட்டு, எட்டு நாள் வெயிலில்லாவிட்டாலும் தாங்கும்படி பேட்டரி வேண்டும் என்று எழுதினாள்.

தலைவர் பட்டாபிராமன் கெட்டவரில்லை. "எட்டு நாளுக்குப் போட்டா இருக்கிற பணம் ஒரு ஊருக்குத்தான் வரும்மா. மூணு நாளுன்னா ரெண்டு ஊருக்குக் குடுக்கலாம். நீயே சொல்லு" என்றார்.

விசாலம் ஒருநாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் மூன்று நாளுக்கே கையெழுத்துப் போட்டாள்.

வேல்ஹே என்கிற தாலுகா ஊருக்கு அப்பாலிருந்த கோண்டேவாடியில் முதல் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியது. அங்கே நர்ஸ் குசும், தடுப்பூசிகளோடு பாம்புக்கடி மருந்தையும் அதில் வைத்துக்கொண்டாள். மாதம் ஒரு கடுதாசி போடுவாள். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று இரண்டு வரி இருக்கும்.

தொண்ணூற்றொன்பது ஜூலையில் பத்து நாள் மேகம் கலையவில்லை. நான்காம் நாள் ஃபிரிட்ஜ் நின்றது. கெட்டுப்போன மருந்தைக் குசும் விதிப்படி கொட்டிவிட்டாள். ஓடைப் பாலம் மூழ்கியிருந்ததால் புது மருந்து வரவில்லை. ஏழாம் நாள் காலை, நாற்று நட்டுக்கொண்டிருந்த சுமன் என்கிற பெண்ணைக் கட்டுவிரியன் கடித்தது. புருஷன் தோண்டிபாவும் மூன்று பேரும் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடையைச் சுற்றி நடந்தார்கள். தாலுகா ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியும்போது அவளுக்கு மூச்சு நின்றிருந்தது. வயசு இருபத்தாறு.

இதையும் குசும் கடுதாசியில்தான் எழுதினாள். குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. விசாலம் அதை வீட்டில் கல்யாணசுந்தரத்திடம் நீட்டினாள்.

"மருந்து இருந்தாலும் பிழைச்சிருப்பான்னு யாரு சொன்னா?" என்றார் அவர்.

"பிழைச்சிருக்க மாட்டான்னு யாரு சொன்னா?"

"இன்னொரு ஊருக்கும் ஃபிரிட்ஜ் போச்சே விசாலம். அங்க எத்தனை குழந்தைக்கு ஊசி போட்டாங்க!"

"தெரியும். அதனாலதான் யாரையும் திட்டவும் முடியலை."

அதற்குப் பிறகு அவள் எந்தத் திட்டத்திலும் பத்து நாளுக்குக் குறைந்து கையெழுத்துப் போடவில்லை. "மேடம் மழைக்குப் பயந்தவங்க" என்று இளையவர்கள் சிரித்தார்கள். திட்டங்கள் ஒவ்வொன்றாக மற்றவர்கள் கைக்குப் போயின. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் பிரிவுத் தலைவர்களானார்கள். அவள் சோதனை மேஜையிலேயே இருந்தாள். அரைகுறையாகச் சார்ஜ் ஏறினாலும் சீக்கிரம் சாகாத பேட்டரித் தகடு ஒன்றை ஆறு வருஷம் போராடிச் செய்தாள். அது ஓர் ஆய்விதழில் எட்டுப் பக்கமாக வெளிவந்தது. அன்றைக்கு வீட்டில் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் கோண்டேவாடிக்கு மின்கம்பி வந்தது. பழைய சாமான்களை எடுத்துப்போகச் சொல்லிக் கடிதம் வர, விசாலமே ஜீப்பில் போனாள். குசும் மாற்றலாகிப் போயிருந்தாள். பேட்டரிகளைத் தூக்க ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனிடம் மற்றவன் "தோண்டிபா, பார்த்துப் பிடி!" என்றான்.

குசும் கடுதாசியில் எழுதியிருந்த பெயர்; விசாலம் திரும்பி அவனைப் பார்த்தாள். அவனுக்கு நாற்பது வயசிருக்கும், காதோரம் நரைத்திருந்தது. கடைசிப் பேட்டரியை வைத்துவிட்டு, "தாயி, இதெல்லாம் கெட்டுப்போச்சா?" என்று மராத்தியில் கேட்டான்.

"இல்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

"அப்ப எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?"

அந்த மூன்று நாள் கையெழுத்தைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் அத்தனை தூரம் வந்திருந்தாள். ஏழு வருஷமாக மனசுக்குள் மராத்தியில் கோத்துவைத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வாய்வரை வந்தது.

"மேலிடத்து உத்தரவு" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வயலைப் பார்த்து நடந்தான். டிரைவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகே விசாலம் ஜீப்பில் ஏறினாள்.