குமிழி வராத தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று சாம்பிள் எடுக்கப் போகிறவனை எந்த வீட்டிலும் ‘வாங்க’ என்று அழைப்பதில்லை. மீட்டர் பார்த்தவர்கள், அம்மை குத்தப் போனவர்கள், இன்னும் அழையாத வீட்டுக்குள் நுழைந்து பிழைப்பு நடத்திய என் இனத்தார் எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நான் பார்த்த உத்தியோகம் இது. சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டி. அதற்குள், லேபில் சூட்டில் வைத்துக் கிருமி நீக்கி, வாயைக் காகிதத்தால் மூடிக் கட்டிய பாட்டில்கள். பையில் ஸ்பிரிட், பஞ்சு, தீப்பெட்டி.

குழாய்க்குத் தீ வைத்தது

சாம்பிள் பிடிப்பதற்கு முன் குழாயின் வாயை நெருப்பால் சுட வேண்டும். வெளியே ஒட்டியிருக்கும் கிருமி தண்ணீரோடு சேர்ந்து வந்து கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீடு ஒன்றில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாயில் காட்டினேன். காவேரித் தீர்த்தத்தைச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறானே என்று அதுவரை முகம் சுளித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், தீயைப் பார்த்ததும் சாந்தமாகிவிட்டார். உள்ளே திரும்பி மாமியையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் சொன்னார்:

“அக்னியே தொட்டு சுத்தி பண்ணியாச்சு. இனிமே இதுல என்ன தோஷத்தைக் கண்டுபிடிக்கப் போறேள்?”

கழுவிக் கொடுத்த பாட்டில்

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வெங்காய வியாபாரி வீடு. வியாபாரியின் மனைவி நல்ல மாதிரி. குழாயடியில் கூட்டம் குறையட்டும் என்று நான் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு வாசலில் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் காகிதம் இல்லை, கட்டு இல்லை, பாட்டில் பளபளவென்று கவிழ்ந்திருக்கிறது. இனி அதில் எடுக்கும் தண்ணீரில் அந்த அம்மாளின் கைக் கிருமிதான் தெரியும், குழாயின் யோக்கியதை தெரியாது. கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

“உள்ளுக்குள்ள என்னமோ மருந்து வாடை அடிச்சுது தம்பி. அதான் புளி போட்டு நல்லா தேச்சு வச்சிருக்கேன். தைரியமா பிடிங்க.”

ஸ்டெல்லாவின் ஜன்னல்

லேபில் சாம்பிள்களைச் சோதித்தவள் ஸ்டெல்லா. பொன்மலைப் பக்கத்துப் பெண். தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றிச் சூட்டில் வைத்துவிடுவாள். இரண்டு நாள் கழித்து அதில் காற்றுக் குமிழி வந்திருந்தால் கிருமி இருக்கிறதென்று அர்த்தம். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். முடிவு எனக்கு எப்படியும் காகிதத்தில் வந்து சேரும். இருந்தாலும் நேரில் போய்த்தான் கேட்பேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பும் அந்தக் கணத்துக்காக நான் ஊரெல்லாம் சைக்கிள் மிதித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. அவள் மாதா கோயில், நான் மலைக்கோட்டைப் பிள்ளையார். எந்த வீட்டிலும் எடுபடாது என்று தெரிந்ததால் வாயைத் திறக்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு முறை, குழந்தைக்கு டைபாய்டு வந்த வீட்டுச் சாம்பிளில் குமிழி நிறைய வந்தது. தண்ணீர் வடிகட்டி வரட்டும் என்று அந்த வீட்டில் குழாய் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டியிருந்தார்கள். துணி பாசி பிடித்துப் பச்சையாக இருந்ததை ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

“அந்தத் துணியை முதல்ல அவிழ்க்கச் சொல்லுங்க. குழந்தைக்குக் காய்ச்சின தண்ணிதான் குடுக்கணும். நீங்களும் வெயில்ல கண்ட இடத்துல குடிக்காதீங்க, காய்ச்சின தண்ணியையே குடிங்க.”

பொன்மலை வீடு

ஒரு வியாழக்கிழமை, தன் வீட்டுக் குழாயிலும் ஒரு சாம்பிள் எடுக்க முடியுமா என்று ஸ்டெல்லா கேட்டாள். காரணம் சொல்லவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். அவள் அம்மா ‘வாங்க’ என்று சொல்லி நாற்காலி போட்டு, காபியும் கொடுத்தார். நான் நுழைந்த வீடுகளில் காபி கொடுத்த முதல் வீடு அதுதான். பாதி டம்ளர் குடித்திருப்பேன்.

“ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டையில இருந்து மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க தம்பி. தண்ணி சரியில்லைன்னா இப்போதைக்கு வர வேண்டாம்னு எழுதிப் போட்றலாம்னு ஸ்டெல்லா பிடிவாதமா நிக்கிறா.”

சனிக்கிழமை

மீதிக் காபியையும் குடித்து முடித்தேன். குழாயடிக்குப் போனேன். குழாயைச் சுட்டேன், கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டேன், வாயில் விரல் படாமல் பாட்டிலில் பிடித்தேன். பழகிய கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. மனசு மட்டும் ஒரே ஒரு குமிழி வந்துவிடாதா என்று ஏங்கியது. அவளுடைய பிடிவாதத்துக்கு என்ன பொருள் என்று பொன்மலையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். எண்ண எண்ண ஆசைதான் வளர்ந்தது.

சனிக்கிழமை லேபுக்குப் போனேன். ஸ்டெல்லா கண்ணாடிக் குழாய்களை ஜன்னலில் தூக்கிப் பிடித்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். தண்ணீர் அத்தனை நல்ல தண்ணீர். குழாய்களைத் தாங்கியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“ஒரு குமிழிகூட இல்லைங்க. நீங்க இவ்வளவு ஒழுங்கா எடுத்திருக்க வேண்டாம்.”

காந்தி மார்க்கெட் அம்மாளிடம் அன்றைக்கு ஒரு பாட்டிலைப் புளி போட்டுக் கழுவி வாங்கிக்கொண்டு பொன்மலைக்குப் போயிருக்கலாமே என்று, இன்றைக்கும் காய்ச்சிய தண்ணீரையே குடித்துக்கொண்டு நினைத்துக்கொள்கிறேன்.