கரடிக்குப் போன மோதகம்

கரடி றோல்ஸ் சாப்பிடுமா என்று அண்ணை கேட்டபோது நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று வடை போட்டுக்கொண்டிருந்தேன். டொரோண்டோவில், வோபர்ன் பக்கம் இருந்த அவருடைய சாப்பாட்டுக் கடையில் எனக்கு அது இரண்டாவது வருடம். ஓரிடத்தில் இரண்டு வருடம் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

"எந்தக் கரடி, அண்ணை?"

"காட்டுக் கரடியடா. வேறை என்ன, சேர்க்கஸ் கரடியே?"

விஷயம் இதுதான். அண்ணைக்கு ஒரே ஒரு மகள். அவள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனை விரும்பினாள். பெடியனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக் கையால் சாப்பிடுவான். சிக்கல் அவனுடைய தகப்பன். வடக்கே ஐந்து மணித்தியாலம் கார் ஓடிப்போனால் வருகிற ஒரு சின்ன ஊரில், மர ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தெரியாத கடவுளுக்கு முன்னால் மேலில் சட்டையில்லாமல் போய் நிற்கமாட்டேன் என்றுவிட்டார். தகப்பன் வராவிட்டால் கோயில் கல்யாணம் வேண்டாம், கையெழுத்து வைத்தால் போதும் என்றான் பெடியன். மகளும் ஓம் என்றுவிட்டாள். றிச்மண்ட் ஹில் கோயிலில் வைத்து அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும் என்பதைத் தவிர அண்ணை வேறொன்றும் கேட்டதில்லை.

கடைசியில் சம்பந்தியே ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு மே மாதமும் அவர் கரடி வேட்டைக்குப் போகிறவர். அண்ணை கூட வந்து, பரணில் அசையாமல், கதைக்காமல், இருட்டும்வரை இருக்கவேண்டும். இருந்தால் அவர் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவார்.

"நீயும் வா," என்றார் அண்ணை என்னிடம். "நீ கரடி கண்டவன்."

கண்டவன்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நாலு நாடுகளில் பாத்திரம் கழுவி, இந்த நாட்டுக்கு வந்த பிறகு வடக்கே ஒரு சுரங்க முகாமில் சமையலுக்கு நின்றேன். அங்கே குளிரில் இடது காலின் சின்னவிரல் போனது. குப்பைக் கிடங்குக்கு ஒவ்வொரு நாளும் கரடி வந்தது. இரண்டுமே பழகிவிட்டது.

கரடியை வரவைக்கும் முறையையும் அங்கேதான் அறிந்தேன். குளிர்காலம் முழுக்க நித்திரை கொண்டு எழும்பிய கரடி, வசந்தத்தில் பசியோடு திரியும். ஓர் இரும்புப் பீப்பாயில் துளை போட்டு, மரத்தோடு சங்கிலியால் கட்டி, உள்ளே பழைய பாண், டோனட், பொரித்து மிஞ்சிய எண்ணெய் என்று போட்டு வைப்பார்கள். கடையில் மிஞ்சுவதைக் கொண்டு வரும்படி சம்பந்தி சொல்லியனுப்பியிருந்தார்.

அண்ணை மிஞ்சியதைத் தொடவில்லை. விடியவே வந்து புதிதாக, இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுருட்டி, நூற்றைம்பது றோல்ஸ் பொரிக்கச் சொன்னார்.

"அண்ணை, இது கரடிக்கு."

"முதன்முதல் சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போறம். ஊசினதைக் கொண்டு போகேலுமே?"

"கரடிக்கண்ணை!"

"கரடியெண்டாலும் சம்பந்தியின்ரை கரடி."

பொரித்தேன். வாளிகளில் அடுக்கினேன். ஒரு வாளி பாதி வெறுமையாக இருந்தது. பிறிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு வெள்ளைப் பெட்டி கிடந்தது, நிறைய மோதகம். பெட்டியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதையும் கொட்டினேன்.

சம்பந்தி ஆறரை அடி ஆள். அதிகம் கதைக்கமாட்டார். எங்கள் வானின் பின்கதவைத் திறந்து வாளிகளைப் பார்த்தார். ஒரு றோல்ஸை எடுத்து முகர்ந்து, கடித்தார்.

"இது கரடிக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம்," என்றேன்.

இன்னொன்றை எடுத்தார். அவருடைய ட்ரக்கில் மாறி ஏறிக் காட்டுப் பாதை முடியும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறு முடித்துவிட்டார். நான் எண்ணினேன்.

மலை என்று அவர் சொன்னது ஒரு நீண்ட கருங்கல் மேடு. அதன் சரிவில், இரண்டு மரங்களுக்கு நடுவே, ஒட்டுப்பலகையால் அடித்த பரண். கீழே இருபது கஜத் தூரத்தில் பீப்பாய். பலகாரத்தை அதற்குள் போட்டுவிட்டு ஏறி இருந்தோம். நடுவில் அண்ணை, வேட்டைக்காரரின் செம்மஞ்சள் தொப்பிக்குக் கீழே மூன்று குறி திருநீற்றோடு. ஒரு பக்கம் துவக்கோடு சம்பந்தி. மற்றப் பக்கம் நான்.

மே மாதக் காட்டில் கரடியை விட மோசமானது கறுத்தக் குட்டி இலையான். அந்த ஈ காதுக்குப் பின்னால் கடித்துத் தோலை எடுத்துவிடும். இரத்தம் வரும்வரை தெரியாது. அண்ணையின் கழுத்தால் இரத்தம் ஒழுகியது. அவர் கையை அசைக்கவில்லை. ஒரு மணித்தியாலம் போனது, நாலு போனது. கடையில் ஒரு நிமிடம் வாயை மூடத் தெரியாத மனிதர். மூத்திரத்தைப் போத்தலுக்குள் விட்டோம், முறைவைத்து, சத்தமில்லாமல்.

ஆறு மணியளவில் கரடி வந்தது.

நல்ல கொழுத்த ஆண் கரடி. குளிர்காலம் அதை ஒன்றும் செய்திருக்கவில்லை. பீப்பாய்க்குள் கையை விட்டு ஒரு றோல்ஸை எடுத்து, மணந்து பார்த்து, எறிந்தது. இன்னொன்றையும் எறிந்தது. உறைப்பு ஒத்துவரவில்லைப் போல. பிறகு தோள்வரை கையை விட்டுத் துழாவி வெள்ளையாக ஒன்றை எடுத்தது. பின்புறத்தை நிலத்தில் வைத்து, காலை அகட்டி, தொந்தி வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு சம்மணமிட்டது போல இருந்தது. அந்த வெள்ளைச் சாமானை வலது கையில் ஏந்தியது.

"டேய்," என்றார் அண்ணை, உதடு அசையாமல். "உது என்னடா?"

"மோதகம், அண்ணை."

"எந்த மோதகம்?"

"பிறிட்ஜிலை கிடந்தது."

"வெள்ளைப் பெட்டியோ?"

"ஓம்."

"பாவி! அது நேற்றுச் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்குப் படைச்சதடா. என்ரை மனிசி கோயிலாலை கொண்டுவந்து வைச்சது."

சம்பந்தி துவக்கைத் தோளில் வைத்துக் குறி பார்க்கத் தொடங்கினார். அண்ணை கரடியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு எழும்பினார்.

நெற்றியில் மூன்று தரம் குட்டினார். கையை மாறிக் காதைப் பிடித்தார். தோப்புக்கரணம் போடத் தொடங்கினார்.

ஒட்டுப்பலகை கீச்சிட்டது. அவர் இருந்து எழும்பப் பரண் இறங்கி ஏறியது. பரணோடு சம்பந்தி இறங்கி ஏறினார். துவக்குக் குழல் கரடியின் காலையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தது.

"உட்காரச் சொல்!" என்றார் சம்பந்தி பல்லைக் கடித்து.

"நாலு... அஞ்சு..." என்றார் அண்ணை.

"இடையில் நிற்பாட்டக்கூடாது," என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "கடவுள் விஷயம்."

"எத்தனை?"

"இருபத்தொன்று."

சம்பந்தி என்னைப் பார்த்தார். பிறகு துவக்கை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். கரடியும் மோதகத்தைக் கையில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தது. பன்னிரண்டுவரை பார்த்தது. பதினேழில் எழும்பி, மோதகத்தை வாயில் கவ்விக்கொண்டு, அவசரப்படாமல் மேட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அண்ணை மிச்ச நாலையும் போட்டு முடித்தார்.

ஏணியால் இறங்கினோம். சூரியன் இன்னும் விழவில்லை. ட்ரக்கின் மட்கார்டில் சாய்ந்து நின்ற அண்ணை முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று நினைத்தேன். அழுதார்.

"எல்லாம் போச்சுதடா. இருட்டும்வரை இருக்கச் சொன்னவர். இனி என்ன முகத்தோடை கோயிலுக்கு வாங்கோ எண்டு கேக்கிறது?"

பெட்டியைக் கொட்டியவன் நான்.

சம்பந்தி துவக்கை உறையில் போட்டு ட்ரக்கில் வைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"நாற்பது வருடமாக வேட்டைக்குப் போகிறேன்," என்றார். "றோல்ஸைப் போட்டுவிட்டுக் கரடி தானாகத் திரும்பிப் போனதை நான் கண்டதில்லை. உங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்தக் கரடி விரட்டுகிற வித்தை தெரியுமா?"

"சின்ன வயதிலேயே பழக்கிவிடுவார்கள்," என்றேன். அது பொய்யில்லை.

"எனக்கும் காட்டச் சொல்."

அண்ணை மூக்கைச் சீறிவிட்டு வந்தார். அந்தக் காட்டுப் பாதையில், இலையான் மொய்க்க, கையை மாறிப் பிடிக்கவேண்டும் என்று ஆறரை அடி மனிதருக்குக் காட்டினார். முதல் தரம் இருந்தபோது சம்பந்தியின் முழங்காலில் சுள்ளி முறிகிற சத்தம் வந்தது. அவர் ஏழு போட்டார். கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. டொரோண்டோ வந்து சேரும்வரை அண்ணையும் சொல்லவில்லை.

ஆவணியில் கல்யாணம். காலையில் கோயில் வாசலில் அண்ணை பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி சம்பந்தியின் ட்ரக் வந்தது. வேட்டிக்கு மேல் வேட்டைக்குக் கட்டுகிற அதே தோல் பெல்ட். சட்டை இல்லை. கழுத்தில் இலையான் கடித்த தழும்புகள், அண்ணையின் கழுத்தில் இருந்தவை போலவே.

உள்ளே பிள்ளையாருக்கு முன்னால் முப்பது நாற்பது பேர் காதைப் பிடித்தபடி இருந்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி நின்றார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். மற்றக் கதவையும் பார்த்தார். பிறகு தானும் காதைப் பிடித்துக்கொண்டு இருந்து எழும்பத் தொடங்கினார்.

"எங்கே?" என்று கேட்டார் என்னிடம் மெதுவாக.

நான் மூலஸ்தானத்தைக் காட்டினேன். அவர் பிள்ளையாரின் வண்டியைப் பார்த்தார். முன்னால் தட்டத்தில் குவிந்திருந்த மோதகத்தைப் பார்த்தார். உயரத்தையும் அகலத்தையும் கண்ணால் அளந்து ஏதோ சொன்னார்.

"என்னவாம் சம்பந்தி?" என்றார் அண்ணை பதறிக்கொண்டு.

"நல்ல பெரிசாம், அண்ணை."

"ஓமெண்டு சொல்லு," என்றார் அண்ணை.