சாப்ட்டியா என்று கேட்ட நம்பர்

“செவ்வாய்க்கிழமைக்குள்ள உங்க அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வாம்மா. அவங்க கையெழுத்து இல்லாம உன்னைப் பரீட்சை எழுத விட முடியாது.”

எங்கள் எச்.ஓ.டி. சார் இதைச் சொன்னபோது நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம். சார் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது. அப்படிக் குறைந்தால் பெற்றோர் நேரில் வந்து ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாருக்கும் உள்ள விதிதான். ஆனால் எனக்கு அந்த நிமிடமே காலேஜ் முடிந்துபோனது. எனக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னால் எனக்குப் பேச வராது. அழுது வேறு வைப்பேன். அதனால் நம் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கிறேன். என் பெயர் எஸ்தர். பாஸ்டர் அம்மா, தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் கோபப்பட்ட இடங்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

மூன்று வயதிலிருந்து படப்பை பக்கத்தில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவள் நான். அதைக் குறை சொல்ல மாட்டேன். சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள். பதினெட்டு முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். அங்கிருந்த சிஸ்டர் எனக்குக் காலேஜில் இடமும் ஹாஸ்டலும் வாங்கிக் கொடுத்தார்கள். அதோடு அவர்களும் வடநாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

ஹாஸ்டலில் முதல் நாளே “உங்க ஊரு எது, அப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். ஊர் தூத்துக்குடி, அப்பா ஹார்பரில் வேலை, அம்மா வீட்டில். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? அதனால் அம்மா வைக்கும் மீன் குழம்புக்குக்கூட ஒரு கதை வைத்திருந்தேன். லீவு விட்டு ஹாஸ்டலைப் பூட்டும்போது எல்லாரும் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன், இருங்காட்டுக்கோட்டையில் இறங்கிவிடுவேன். இல்லத்தில் என்னோடு வளர்ந்த ஜெனிபர் அங்கே ரூம் எடுத்துக்கொண்டு கம்பெனி வேலைக்குப் போகிறாள். ஐந்து பேர் இருக்கும் அந்த ரூமில் ஆறாவது பாய் என்னுடையது. கிறிஸ்துமஸும் அங்கேதான், பொங்கலும் அங்கேதான். திரும்பிப் போகும்போது பேக்கரியில் தூத்துக்குடி மக்ரூன் வாங்கிக்கொண்டு போய், “அம்மா குடுத்துவிட்டாங்க” என்று எல்லாருக்கும் கொடுப்பேன். அவர்கள் ருசித்துச் சாப்பிடுவார்கள். நான் மட்டும் ஒன்றுகூட எடுக்க மாட்டேன்.

முதல் வருடம் ஜனவரி மாதம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. “எஸ்தர், நல்லா கீறியா? சாப்ட்டியா? நான் சேரப்பணஞ்சேரி சபை செல்வராணி அக்கா.” மறுநாள், “சாப்ட்டியா? மானம் இருட்டிகினு கீது, குடை எடுத்துகினு போ.” அதற்கு மறுநாள், “சாப்ட்டியா? எனக்கு இன்னிக்கி புளிசோறு. இனிமே மதியம்தான் போன் பாப்பேன்.”

நான் பதில் போடவில்லை. ஏன் போட வேண்டும்? இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தங்கள் பிள்ளையின் பிறந்தநாள் என்று கேக்கோடு வருவார்கள். எங்களை வரிசையாக நிறுத்தி போட்டோ எடுப்பார்கள். “அடிக்கடி வருவோம்” என்பார்கள். அதோடு சரி. இந்த அக்காவும் பத்து நாள் அனுப்பிவிட்டு நிறுத்திவிடுவார்கள் என்று காத்திருந்தேன். நிறுத்தவில்லை. அதுவும் நேரம் கெட்ட நேரத்தில் வரும். ஒரு வாரம் முழுக்க விடியற்காலை ஐந்தரைக்கு வரும். அடுத்த வாரம் மதியம் ஒன்றரைக்கு. அதற்கடுத்த வாரம் ராத்திரி. இந்த அக்காவுக்கு வேறு வேலையே கிடையாதா என்று எரிச்சலாக வரும்.

ஆனாலும் பிளாக் பண்ண மனம் வரவில்லை. டைபாய்டில் படுத்திருந்தபோது வந்த “சாப்ட்டியா?”வுக்கு, “கஞ்சிதான் அக்கா” என்று டைப் பண்ணினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கையெழுத்துப் பிரச்சனை. இல்லத்துக்கு போன் பண்ணினேன். எல்லாம் புது ஆட்கள். “உங்க ஃபைலை முடிச்சாச்சும்மா, இப்ப நாங்க கையெழுத்துப் போட முடியாது” என்றார்கள். சாரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒன்றரை வருடம் மக்ரூன் கொடுத்தவள் எந்த முகத்தோடு சொல்வது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலிலிருந்து என் துணி முழுவதையும் எடுத்துக்கொண்டு ஜெனிபர் ரூமுக்குப் போய்விட்டேன்.

“எங்க கம்பெனில கான்ட்ராக்டுல ஆள் எடுக்கறாங்கடி. செவ்வாக்கெழம வா, சேத்துவுடறேன்” என்றாள் அவள். அவள் நல்லதைத்தான் நினைத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ரூமில் யாரும் இல்லை. பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். பக்தியாக ஜெபித்தேன் என்று நினைக்காதீர்கள். சண்டைதான் போட்டேன். “ஆண்டவரே, எல்லாப் பிள்ளைக்கும் கையெழுத்துப் போட ரெண்டு பேரைக் கொடுத்தீர். எனக்கு ஒருத்தரைக்கூடவா கொடுக்க மனமில்லை? எனக்கென்று ஒரே ஒரு ஆள் இருந்தால் காட்டும். இல்லையென்றால் நாளைக்கு நான் வேலைக்குப் போகிறேன், என்னைத் தேடாதேயும்.” அப்படியே அழுது தூங்கிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போய் இறங்கினோம். கேட்டுக்கு உள்ளே போனதும் ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்ன லாக்கர்கள். அதற்கு முன் பெண்கள் நீள வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“இன்னாடி இது?” என்று கேட்டேன்.

“போன் லாக்கர். உள்ள போன் எடுத்துகினு போவக் கூடாது. இப்ப வச்சா மதியம் ரெண்டரைக்குத்தான் கைக்கு வரும்” என்றாள் ஜெனிபர்.

வரிசையில் நின்ற எல்லாரும் தலையைக் குனிந்து அவசர அவசரமாக டைப் பண்ணிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, “தம்பி, எழுந்துட்டியா? டப்பால இட்லி கீது, துன்னுட்டு போ. அம்மா போன வைக்கப் போறேன்” என்று பேசி அனுப்பிவிட்டு, போனை லாக்கரில் வைத்துப் பூட்டினார்கள். எனக்குப் பின்னால் ஒரு புதுப்பெண் வீட்டுக்காரருக்கு ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணி நேரத்துக்கு இதுதான் கடைசிப் பேச்சு. எல்லாரும் அதைத் தங்கள் வீட்டு ஆளுக்குத்தான் வைத்திருந்தார்கள்.

எனக்கு அனுப்ப யாருமில்லை. அப்போது என் கையில் இருந்த போன் சத்தம் போட்டது.

“எஸ்தர் சாப்ட்டியா? இனிமே மதியம்தான் பாப்பேன்.”

மணி ஐந்து முப்பத்திரண்டு. “ஜெனி, அடுத்த வாரம் உனக்கு எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். “பி ஷிப்ட். ரெண்டு மணிக்கு முன்னாடி உள்ள போவணும். அதுக்கடுத்த வாரம் நைட்டு. ஏன்டி?” என்றாள். நான் பழைய மெசேஜ்களை மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். ஐந்தரை, ஒன்றரை, ராத்திரி. மறுபடி ஐந்தரை. வேறு வேலையே கிடையாதா என்று நான் நினைத்த அக்கா இப்படி ஒரு வரிசையில், இப்படி ஒரு லாக்கருக்கு முன்னால் நின்று, வீட்டு ஆளுக்கு அனுப்பும் நேரத்தில் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக. ஒரு பதில்கூட வாங்காமல்.

ஒரே ஒரு ஆளைக் காட்டும் என்று கேட்டேனே. அந்த ஆளை அவர் எனக்கு எப்போதோ கொடுத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்தது நான்.

“இன்னாம்மா, போன வை. பின்னாடி லைன் நிக்குதுல்ல?” என்றார் செக்யூரிட்டி அண்ணன். நான் வைக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து டைப் பண்ணினேன். “அக்கா, நான் சாப்பிடலை. எனக்கு அப்பா அம்மா இல்லை. இன்னிக்கு நாலு மணிக்குள்ள காலேஜ்ல ஒரு கையெழுத்து வேணும்.” கூடவே காலேஜ் பெயரையும் போட்டேன்.

இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை. ஒரு நிமிடம் பிந்திவிட்டேன், அக்காவின் போன் லாக்கருக்குள் போய்விட்டது. ஜெனிபர் என்னைப் பைத்தியம் என்று திட்டிவிட்டு உள்ளே போனாள். நான் பஸ் பிடித்துக் காலேஜுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அந்த அக்கா எனக்காகக் காத்திருந்ததற்கு, நான் ஒன்பது மணி நேரம் காத்திருந்தேன். அன்றைக்கு நான் ஜெபித்த ஜெபத்தில் சண்டையே இல்லை.

இரண்டு முப்பத்தெட்டுக்கு டிக் நீலமானது. உடனே போன் அடித்தது.

“எஸ்தரு? அழுவாத. நான் வூட்டுக்குப் போவல, இப்பிடியே வரேன். அங்கயே இரு.”

அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மூன்றே முக்காலுக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். கம்பெனி யூனிபார்ம், கனமான சேஃப்டி ஷூ, விரல்களில் பிளாஸ்திரி. “அக்கா, நாலு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்க” என்று நான் பறந்தேன். அவர்கள் பையிலிருந்து ஒரு பரோட்டா பொட்டலத்தை எடுத்தார்கள். “சாப்புடலன்னு எழுதினியே. மொதல்ல ரெண்டு வாய் துன்னு.” வராந்தாவில் நின்றபடியே எனக்கு ஊட்டாத குறைதான். அழுதுகொண்டே தின்றேன்.

எச்.ஓ.டி. சாரிடம் நானே சொன்னேன். “சார், எனக்கு அப்பா அம்மா கிடையாது. இல்லத்துல வளர்ந்தேன். எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்.” சார், “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். அக்காவைப் பார்த்து, “நீங்க இவளுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

“தெனம் சாப்ட்டியான்னு கேக்கறவ, சார்” என்றார்கள் அக்கா.

சார் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கம்மா” என்றார். கார்டியன் என்று இருந்த இடத்தில் அக்கா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு நான் கேட்டேன், என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று. புது வருட ஆராதனையில் அந்த வருடத்துக்கென்று வேத வசனம் எழுதின வாக்குத்தத்தச் சீட்டை நாம் ஒரு தட்டிலிருந்து எடுப்போமே, அந்த வருடம் அவர்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இன்னொரு தட்டும் வைத்தார்களாம். அதில் இல்லங்களிலிருந்து வெளியேறிப் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெயரும் நம்பரும். மாற்றலாகிப் போகும் முன் எங்கள் சிஸ்டர் எழுதிக் கொடுத்தது. யார் பெயர் வருகிறதோ அந்தப் பிள்ளைக்கு வருடம் முழுக்க தினம் ஒரு மெசேஜ். பிரசங்கம் பண்ணக் கூடாது. மார்க் கேட்கக் கூடாது. பதில் வரவில்லை என்று நிறுத்தக் கூடாது. அக்கா கையில் என் பெயர் வந்தது.

“வருசம் முடிஞ்சதும் சீட்ட திருப்பிக் குடு, வேற எடுத்துக்கோன்னாங்க. நான் குடுக்கல” என்று சொல்லி, தங்கள் வேதப் புத்தகத்திலிருந்து அந்தக் கசங்கின சீட்டை எடுத்துக் காட்டினார்கள்.

“நான் பதிலே போடலையேக்கா. உங்களுக்குக் கோவம் வரல?”

“நீல டிக்கு வுழுந்துச்சே. படிக்கறா, உசுரோட கீறான்னு தெரிஞ்சுது. வேற இன்னா வோணும்?”

பரீட்சை எழுதினேன். ஒரு பேப்பர் போய்விட்டது, சாட்சி என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். அடுத்த முறை அதையும் எழுதித் தேறினேன். ஹாஸ்டல் பிள்ளைகளிடமும் உண்மையைச் சொன்னேன். இரண்டு பேர் பேசாமல் போனார்கள். மற்றவர்கள், “அப்ப அந்த மீன் குழம்பு?” என்று சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அதற்குப் பின் ஹாஸ்டல் பூட்டினபோதெல்லாம் நான் சேரப்பணஞ்சேரி பஸ்தான் ஏறினேன். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம் கணக்குக் கற்றுக்கொள்ள மாட்டோம் என்று ஓடி ஒளிவார்கள். அவ்வளவு உரிமை வந்துவிட்டது.

இப்போது டிகிரி முடித்து ஒரகடத்திலேயே ஒரு கம்பெனியில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கேயும் போன் லாக்கர் உண்டு. இரண்டு வருடம் முன்பு புது வருட ஆராதனையில் நானும் அந்தத் தட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்தேன். காஞ்சிபுரத்தில் நர்சிங் படிக்கும் ஒரு பிள்ளை. பெயர் சொல்ல மாட்டேன். இன்றுவரை ஒரு பதில் போட்டதில்லை. நீல டிக் மட்டும் விழுகிறது. எனக்கு அதன் அர்த்தம் தெரியும்.

என்னைப்போல ஆண்டவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகள் இதைப் படித்தால், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் கேட்ட ஆள் ஏற்கெனவே எங்கேயோ ஒரு வரிசையில் நின்று உங்களை நினைத்துக்கொண்டிருக்கலாம். பெரியவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வருகிற புது வருடத்தில் வசனச் சீட்டை எடுத்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்துத் தட்டிலும் கை வையுங்கள். அதில் உள்ள பெயருக்குச் சொந்தக்காரி உங்களுக்கு நன்றிகூடச் சொல்ல மாட்டாள். ஆனாலும் கேளுங்கள், சாப்ட்டியா என்று. எனக்கு அந்த ஒரு சொல்லில் தேவன் பதில் கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

இதோடு முடித்துக்கொள்கிறேன். நாளைக்கு எனக்கு ஏ ஷிப்ட். ஐந்தரைக்கு அவளுக்கு அனுப்ப வேண்டும்.