வாக்கெடுப்பின்போது வெளியே நின்றவர்கள்

போன நவம்பர் மாதம், எங்கள் ஊர்க்கூட்டம் உள்ளே நடந்துகொண்டிருக்க, என் பக்கத்து வீட்டுக்காரர் ரூடி வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் குளிருக்குள் நின்று அப்பிள் தின்றுகொண்டிருந்தார். கூடவே மனைவி, மகன், மருமகள். நாலு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். எங்கள் ஊர் என்று இங்கே நான் சொல்வது, சுவிஸில் டீட்டிகோன் நகரில் இருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் தள்ளி, ஆர்காவ் மாநிலத்துக்குள் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தை. ஆண்டுக்கு இரண்டு தடவை பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் கதிரை போட்டு, குடியுரிமை உள்ள எல்லோரையும் கூப்பிட்டு, ஊர்க் காரியங்களைக் கை தூக்கி முடிவு செய்வார்கள். நான் ஒன்றுக்குப் போக வெளியே வந்தவன், இந்தக் காட்சியைக் கண்டதும் போன காரியத்தை மறந்துவிட்டேன்.

எங்கள் தமிழ் ஆட்களின் கூட்டத்தில் ஒருவர் குடும்பத்தோடு எழுந்து வெளியே வந்து நிற்கிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். இவருக்கு ரோசம் வந்துவிட்டது. இனி யாராவது போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். இழுக்க ஆள் வரவில்லையென்றால் அடுத்த வருடம் இன்னொரு சங்கம் தொடங்கிவிடும். ஆகவே நான் போய் ரூடியின் கையைப் பிடித்தேன். "விடுங்கள் ரூடி, அவர்கள் எதையாவது சொல்லட்டும், நீங்கள் உள்ளே வாருங்கள்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சமாதானம் பேசினேன். அவர் தன் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் வயலைப் பற்றி வாக்கெடுக்கிறார்கள். நான் உள்ளே இருக்கக் கூடாது."

"உங்கள் வயல் என்றால் நீங்கள்தானே இருக்க வேண்டும்?"

"என் வயல் என்பதால்தான் இருக்கக் கூடாது."

"மருமகளும் கூடாதா?"

மருமகள் சிரித்தாள். "நான் மாமாவுக்கு எதிராகத்தான் கை தூக்கியிருப்பேன். ஆனாலும் வெளியேதான்."

விஷயம் இதுதான். ஊருக்குள் ஓடும் ஓடை மழைக்காலத்தில் பெருகி நிலவறைகளுக்குள் வருகிறது. ரூடியின் வயலில் ஒரு துண்டை வாங்கி ஓடையை அகலமாக்கினால் இன்னும் எண்பது வருடத்துக்குக் கவலையில்லை என்று திட்டப் புத்தகத்தில் போட்டிருந்தார்கள். ரூடி கொடுக்க விரும்பவில்லை. அதை எழுந்து நின்று கால் மணி நேரம் பேசியும் இருந்தார். வாக்கெடுப்பு என்று வந்ததும் குடும்பத்தோடு வெளியே. கதவு திறந்தது. முடிவைச் சொன்னார்கள். ரூடி தோற்றுப்போனார். அப்பிள் நடுத்தண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய், அடுத்து வந்த பாலர் பாடசாலைக் கூரைத் திட்டத்துக்குக் கை தூக்கினார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் வைன் குடித்துக்கொண்டு நிற்கும்போது கேட்டேன், கோபம் இல்லையா என்று. "கோபம்தான். நாளைக்கே இதற்கு எதிராகக் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்குகிறேன். நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள்?" நான் வாக்களிக்கவில்லை. அவரைச் சமாதானப்படுத்துகிறேன் என்று அவரோடு வெளியே நின்றுவிட்டேன். அதைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் வைன் சட்டையில் ஊற்றுப்பட்டது. எண்பது வருடத்தில் நீங்களும் இல்லை நானும் இல்லையே என்றேன். "தண்ணீர் இருக்கும்தானே" என்றார்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஆட்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதைப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். என் படிப்பு அவ்வளவுதான். ரூடி சொன்னதையும் பொறுக்கிக்கொண்டு வந்தேன். வெளியே நிற்பது எனக்கும் புதிதில்லை. குடியுரிமை கேட்ட வருடம், உள்ளே எங்கள் மனுவுக்கு வாக்கெடுத்து முடியும்வரை, என்னையும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அதே மண்டபத்துக்கு வெளியே நடைபாதையில் நிறுத்தினார்கள். சுவரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சப்பாத்துப் பைகள் தொங்கின. மனைவி ஒவ்வொரு பையின் பெயரையும் மந்திரம் மாதிரி வாசித்தாள். "இஞ்சருங்கோ, ஆர் கை தூக்கேல்லை எண்டு எங்களுக்குத் தெரியவராதோ?" என்று கேட்டாள். தெரியவராது என்றேன். "அப்ப நல்லது. நாளைக்கு எல்லாருக்கும் ஒரேமாதிரி க்ரூயெட்ஸி சொல்லலாம்." அந்த வணக்கத்தை அவள் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறாள். ஒருவருக்கும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இனி நான் பிறந்த மற்ற ஊருக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில், கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நாங்கள் ஷெல்லடிக்குள் வெளிக்கிட்ட பிறகு, கால் நூற்றாண்டுக்கு மேல் அது இராணுவத்தின் கையில் இருந்தது. விட்டபோது வேலியும் இல்லை, வேலிகளுக்கிடையே ஓடிய ஒழுங்கைகளும் இல்லை, பற்றைக் காடு மட்டும்தான். சுவிஸில் இருக்கும் எங்கள் ஊர்ச்சங்கம் அன்றைக்கே சுறுசுறுப்பாகிவிட்டது. அழிந்த ஊரைக் கட்டினால் நாட்டையே கட்டியது போல என்று தலைவர் சொன்னார். தலைவர் முன்னாள் கணக்கு வாத்தியார், எல்லோருக்கும் மாஸ்டர். கலர்ப் படங்களோடு ஒரு புத்தகம் தயாரானது: ஐம்பது ஆண்டுத் தொலைநோக்கு. மீன்பிடித் துறைமுகம், குளிர்சாதனக் களஞ்சியம், விளையாட்டரங்கம், வரவேற்பு வளைவு. வடிகால் பக்கத்தை எழுதியது நான். இங்கே ஊராட்சி வேலைத்தளத்தில் எத்தனையோ வருடமாகக் குழாய் புதைக்கிறேன். எந்தக் குழாய் எந்த வருடம் எந்த ஆழத்தில் என்று எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கும் நாட்டில் வேலை செய்கிறவனுக்கு அது பெரிய வேலையில்லை. ஞாபகத்தில் இருந்தே ஊரின் ஒழுங்கைகளைக் கீறினேன். வளைந்தவற்றை நிமிர்த்தியும் விட்டேன்.

ஊரில் மீளக் குடியேறியிருக்கும் என் தங்கச்சி புவனாவுக்குப் புத்தகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, படம் நல்ல வடிவு. உங்கட வடிகால் ஒண்டு என்ர குசினிக்குள்ளால போகுது. அது பரவாயில்லை, ஐம்பது வருசம் இருக்குத்தானே, சமைச்சு முடிச்சிடுவன். இப்ப நான் கேக்கிற விசயத்தைக் கேளுங்கோ."

அவள் கேட்டது ஒரு நடைபாதை. கடற்கரைப் பக்கம், அகதி முகாமில் இருந்து வந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊரார் அல்லர். சொந்த நிலம் என்று ஒருநாளும் இருந்திராதவர்கள். பள்ளிக்கூடம் அவர்களுக்கு எதிரே தெரிகிறது. ஆனால் இடையில் ஐந்து காணிகள். ஐந்தும் வெளிநாட்டுக்காரருடையவை, ஐந்துக்கும் முள்ளுக்கம்பி அடித்துப் படலை பூட்டியிருக்கிறது. பிள்ளைகள் பெரிய வீதியால் சுற்றிப் போகிறார்கள். வீதியில் மணல் ஏற்றிய டிப்பர்கள் ஓடுகின்றன. போன மாதம் ஒரு பிள்ளை தப்பினது அருந்தப்பு என்றாள். ஐந்து காணிகளுக்கூடாக ஒரு கைவண்டி போகும் அகலத்துக்குப் பாதை விட்டால் போதும். நடுக்காணி என்னுடையது.

மூன்று பரப்பு நிலம். அப்பா எனக்கென்று உறுதி முடித்துத் தந்தது. எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம். அதன்பிறகு அங்கே போய்ச் சின்னதாக ஒரு வீடு கட்டி இருப்பது என்று, பனி தள்ளிய காலைகளில் எல்லாம் அந்த நினைப்பில்தான் தள்ளினேன். பாதை போனால் காணி இரண்டாகும். நான் நினைத்த வீடு நடுவில் வராது. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். "ஓம், யோசியுங்கோ. தொலைநோக்கு எண்டா யோசிக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கூடப்பிறந்தவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதற்கு வாட்ஸ்அப் போதும், விமானம் தேவையில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் டீட்டிகோனில் வாடகை மண்டபத்தில் சங்கக் கூட்டம். முப்பது பேர் வந்திருந்தோம். பூட்டிக் கிடக்கும் காணிகளுக்கூடாகப் பாதை விடுவதா என்று புவனாவின் கேள்வியை நான் வாசித்தேன். மாஸ்டருக்கும் அந்த ஐந்தில் ஒன்று இருக்கிறது.

"நல்ல விசயம். இதை இரண்டாம் கட்டத்தில போடுவம்" என்றார் மாஸ்டர்.

"இரண்டாம் கட்டம் எப்ப மாஸ்டர்?"

"முதலாம் கட்டம் முடியத்தான். வளைவு, துறைமுகம் எல்லாம் வந்தாப் பிறகு."

"அதுக்குள்ள பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். ஒருவர் பாதை விட்டால் பிறகு காணியையே பிடித்துவிடுவார்கள் என்றார். அவர்கள் யார், எந்தப் பகுதி ஆட்கள் என்று இன்னொருவர் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அது எங்களோடு கடல் தாண்டி வந்த சாமான். சரி, கையைத் தூக்குங்கோ என்று மாஸ்டர் சொன்னபோதுதான் நான் எழுந்தேன். என் கிராமத்தில் இருக்கும் வழக்கத்தைச் சொன்னேன். ஆருடைய காணி சம்பந்தப்படுகிறதோ அவர்கள் வாக்கெடுப்பின்போது வெளியே நிற்க வேண்டும், அதுதான் முறை என்றேன். முறைக்காகத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு நானே நம்பினேன். இப்போது எழுதும்போது தெரிகிறது: வெளியே போனால் கையைத் தூக்கவும் வேண்டாம், தூக்காமல் இருந்து தங்கச்சிக்கு முகம் கொடுக்கவும் வேண்டாம்.

"அப்ப இஞ்ச ஆருக்குத் தம்பி பூட்டின காணி இல்லை?" என்று மாஸ்டர் கேட்டார். பகிடியாக ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார், சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு அது நல்ல சாட்டாகப் போயிற்று. ஐந்து நிமிடத்தில் முப்பது பேரும் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். மாஸ்டர் கூட்டக் குறிப்பேட்டோடு நின்றார். பக்கத்து வீட்டு மேல்மாடியில் ஒரு சுவிஸ் அம்மா யன்னலைத் திறந்து, தீ ஏதும் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை, வாக்கெடுப்பு என்றேன். அவளுக்கு அது உடனே விளங்கியது. தலையாட்டிவிட்டு யன்னலை மூடினாள்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேரி அக்கா வெளியே வந்தார். மன்னார்க்காரி, கத்தோலிக்கர், எங்கள் ஊர் ஆள் அல்ல. எங்கள் கூட்டங்களுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் செய்து தருகிறவர்.

"என்ன எல்லாரும் வெளியால நிக்கிறியள்? உள்ளுக்க நான் மட்டும்தான். கை தூக்கச் சொல்லி மாஸ்டர் சொன்னவர்தானே, நான் தூக்கிப்போட்டன். பாதை விடுறது எண்டு முடிவு. தேத்தண்ணி ஆறுது, வாங்கோ."

சிரிப்பு அடங்கக் கனநேரம் எடுத்தது. "மேரி, நீங்கள் எங்கட சங்கத்தில அங்கத்தவர் இல்லை, அது செல்லாது" என்றார் மாஸ்டர், அவரும் சிரித்துக்கொண்டுதான்.

"செல்லாட்டிப் போகட்டும் மாஸ்டர். எங்கட காணியில இண்டைக்கும் ஆமி நிக்குது. அதுக்குள்ளால பாதை விடுங்கோ எண்டு என்னட்டைக் கேக்க ஒருத்தரும் இல்லை. உங்களிட்டை ஆக்கள் கேக்கினம். கேக்கிறதுக்கு ஆள் இருக்கேக்கை குடுத்திடோணும்."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். ஒரு நாட்டைத் திரும்பக் கட்டுவது என்று எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். கொழும்பில் ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு தொலைநோக்கு வருகிறது, எங்களிடமும் ஒன்று இருக்கிறது, எல்லாப் படத்திலும் கட்டடங்கள் உயரமாக நிற்கின்றன. ரூடியின் ஊரில் எண்பது வருடத் திட்டம் என்றால் அதில் இன்னாருடைய வயலில் இத்தனை மீற்றர் என்று இருக்கிறது. அந்த இன்னார் அதற்குள் சண்டையும் பிடிக்கிறார். எங்கள் ஐம்பது வருடப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அதில் எங்களில் ஒருவருடைய காணியிலும் ஒரு அடிகூடக் குறையவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் நின்றே புவனாவுக்கு எடுத்தேன். "என்ர காணிக் கம்பியை அறுத்துப் பாதையை விடு" என்றேன். "கேக்குதோ?" "கேக்குது அண்ணை. வடிவா யோசிச்சனீங்களோ?" "இல்லை" என்றேன். "அப்ப சரி" என்றாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிழமை கழித்து அவரும் சம்மதக் கடிதம் அனுப்பினார், ஆனால் எல்லை ஓரமாக மட்டும் என்று அடிக்கோடு போட்டு. ஐவரில் இன்னொரு காணிக்காரர் அவரைப் பார்த்துக் கொடுத்தார். மற்ற இரண்டு காணிக்காரரும் கனடாவில் இருக்கிறார்கள், இன்னும் பதில் இல்லை. அந்த இடங்களில் பாதை வெளியே வளைந்து போகிறது.

போன கிழமை புவனா படம் அனுப்பினாள். பனையோலை வேலி இரண்டு பக்கமும் அடைத்து, நடுவில் செம்மண் ஏற்கெனவே மிதிபட்டு இறுகியிருக்கிறது. பாதைக்குப் பிள்ளைகள் தாங்களாகவே பெயர் வைத்துவிட்டார்களாம்: சுவிஸ் ஒழுங்கை. இங்கே இத்தனை வருடத்துக்குப் பிறகும் ரூடி என்னைப் புதியவர்களுக்கு எங்கள் ஸ்ரீலங்காக்காரர் என்றுதான் அறிமுகம் செய்கிறார். படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் பதிவும் வந்தது: "அண்ணை, நீங்கள் வந்தா வீடு எந்தப் பக்கம் கட்டப்போறியள்? கிணத்தடிப் பக்கமோ, வேம்படிப் பக்கமோ? சொன்னா அந்தப் பக்கத்துப் பற்றையை வெட்டிவைப்பன்." இன்னும் பதில் போடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இந்தப் பக்கமும் என் காணி, அந்தப் பக்கமும் என் காணி. நடுத்துண்டு மட்டும் என்னுடையதல்ல. ஆனால் என்றைக்காவது போய் இறங்கினால், எந்தப் பக்கம் போவதென்றாலும் நானும் முதலில் அதில்தான் கால் வைக்க வேண்டும்.