ஒட்டிக்கொண்ட ரப்பர்

ஏன் என்று கேட்காமல் குமுதவல்லியால் ஒரு நாளும் இருக்க முடிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அழிரப்பரை வெயிலில் காய வைப்பாள், மண்ணெண்ணெயில் ஊறப் போடுவாள், அது ஊதிப் பெருத்துவிட்டால் என்னமோ புதையல் கிடைத்தவள் மாதிரி குதிப்பாள். "எழுதுறதுக்கு வாங்கிக் குடுத்தா இப்படிப் பாழாக்குறியே" என்று அம்மா வள்ளிநாயகி முதுகில் இரண்டு வைப்பாள். அடித்தால் மாறுகிற குணமா அது?

வளர்ந்து, அஞ்சல் வழியில் வேதியியல் பட்டம் வாங்கி, சுகுமாறனைக் கட்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, மலேசியாவின் செனாவாங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போன பிறகும் அது அவளை விடவில்லை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட வேண்டும், ஒழுகினால் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரே தொட்டியில் முக்கி எடுத்த இரண்டு கையுறைகளில் ஒன்று முழ நீளம் இழுபடுகிறது, மற்றது காகிதம் மாதிரி கிழிகிறதே, ஏன்? மேலதிகாரியிடம் கேட்டாள். "ரிஜெக்ட்னா தூக்கிப் போடு லா. அதுகிட்ட பேட்டியா எடுக்கப் போற?" என்றார் அவர். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாலும் உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த எரிச்சலில்தான், நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில், பொருளறிவியல் பொறியியலில் முதுகலைக்கு விண்ணப்பம் போட்டாள்.

சொந்தபந்தம் சும்மா இருக்குமா? "மெட்டீரியல் படிக்கிறாளாம், சேலைக் கடை வைக்கப் போறாளா?" என்று பாரோயில் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முழுக்கச் சிரித்தார்கள். குமுதவல்லியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டாள். பிறகு சாவகாசமாக விளக்கினாள். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, கண்ணாடி ஏன் உடைகிறது, ரப்பர் ஏன் இழுபடுகிறது, இதுதான் அந்தப் படிப்பு என்றாள். கேட்டவர்கள் பாதியிலேயே மோர் வாங்க எழுந்து போய்விட்டார்கள்.

அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி சாம்பல். செம்பனைப் பழத்தில் எண்ணெய் எடுக்கும் ஆலைகளில், அதன் நாரையும் ஓட்டையும் எரித்த பிறகு சாம்பல் மலையாகக் குவியும், வேண்டுவார் இல்லை. அதைச் சலித்து ரப்பர் பாலில் கலந்து மெல்லிய படலமாக வார்த்தால் படலம் உறுதிப்படுமா என்று பார்க்க வேண்டும். வள்ளிநாயகி செம்பனைத் தோட்டத்தில் ஆயுசுக்கும் உதிரிப் பழம் பொறுக்கியவள். "நான் பொறுக்கின பழத்தோட சாம்பலா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள்.

ரப்பர் பால் கிடைப்பதில் சிரமமில்லை. ரந்தாவுக்கு வெளியே நல்லசாமி மாமாவிடம் கொஞ்சம் பால்மரம் உண்டு. காலையில் சீவி, உறையாமல் இருக்க அமோனியா விட்டு, பிளாஸ்டிக் வாளியில் கொடுத்துவிடுவார். முதல் தடவை அந்த வாளியோடு குமுதவல்லி தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"முனியாண்டிக்குக் காட்டாம எங்கடி கொண்டு போற?"

அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் முனியாண்டி, முதல் சம்பளம் வந்தால் முனியாண்டி, தேர்வு எழுதும் பேனாவும் முனியாண்டி காலடியில் கொஞ்ச நேரம் கிடந்துதான் பள்ளிக்கூடம் போகும். பூசைக்கு உள்ள பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, பாலை அதில் மாற்றினாள் வள்ளிநாயகி. சூடம் காட்டிய கையோடு எடுத்துவிடக் கூடாது, மத்தியான பூசை முடிய வேண்டும் என்றாள். குமுதவல்லியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தன் படிப்புக்காக அம்மா முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. மத்தியானம் பாலைப் போத்தலுக்கு மாற்றும்போது லேசாக நீலம் பாரித்த மாதிரி தெரிந்தது. வெயிலில் கண் கூசுகிறது என்று விட்டுவிட்டாள். ஊரில் உள்ளதையெல்லாம் ஏன் ஏன் என்று குடைகிறவள் அன்றைக்குப் பார்த்து கேட்காமல் விட்டாள் பாருங்கள், என்னத்தைச் சொல்ல.

அந்தப் பாலில் சாம்பல் கலந்து வார்த்த துண்டுகள்தான் அவளுடைய முதல் தொகுதி. புதிதாக இழுத்துப் பார்த்தபோது அருமையாக இருந்தன. பழசானால் எப்படி இருக்கும் என்று அறிய, ஆய்வுக்கூடத்துச் சூட்டடுப்பில் ஒரு வாரம் வைத்து எடுத்தாள். எடுத்தவளுக்குப் பகீரென்றது. துண்டுகள் பலாப்பழப் பிசின் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன. இழுக்கும் கருவியில் மாட்டவே முடியவில்லை.

சாம்பல் கலக்காத துண்டுகளை அவள் அடுத்த மாதம் வாங்கி நேரே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன பாலில் செய்திருந்தாள். அவை ஒட்டவில்லை. ஆக, பார்த்தவர்கள் எல்லாரும் சாம்பலைக் கைகாட்டினார்கள். மனசு கேட்காமல் புதுப் பால் வாங்கி, அதே மூட்டைச் சாம்பலைக் கலந்து மறுபடியும் செய்தாள். இந்தத் தடவை ஒட்டவில்லை. நல்லதுதானே என்று நினைத்தால், நெறியாளர் டாக்டர் நோரைனி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரே சாம்பல். ஒண்ணு கெட்டுப் போச்சு, ஒண்ணு நல்லா வந்திருக்கு. நான் எதை நம்பறது, குமுதா? இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள காரணம் காட்டணும். இல்லேன்னா ஆய்வுக் குழு இந்தத் தலைப்பை மூடிடும்."

மூடினால் மூடியதுதான். இன்னொரு தலைப்பை எடுத்து முதலிலிருந்து ஓட அவளுக்குக் காலம் ஏது? படிக்கிறாளே என்று தொழிற்சாலையில் காலை ஷிஃப்டாகவே போட்டுக் கொடுத்த சலுகை வருடக் கடைசியோடு முடிகிறது. கல்யாணப் பந்தியில் சிரித்தவர்களின் முகம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. பயந்துதான் போனாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் பழைய அரிப்பும் சேர்ந்து ஊர்ந்தது. ஏன் ஒட்டியது?

கெட்டுப்போன துண்டில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று கருவியில் கொடுத்துப் பார்த்தாள். காப்பர் என்று வந்தது. ரப்பருக்கும் காப்பருக்கும் ஆகவே ஆகாது, துளி கலந்தாலும் ரப்பர் சீக்கிரம் இற்றுப்போய்ப் பிசுபிசுக்கும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது? சாம்பலைச் சோதித்தாள், அதில் பேருக்குத்தான் இருந்தது. ஆய்வுக்கூடத்துக் குழாயைச் சந்தேகப்பட்டாள். கலக்கும் கம்பியைச் சந்தேகப்பட்டாள். ஒரு சனிக்கிழமை நல்லசாமி மாமாவின் கொட்டகைக்கே போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே தலையை விட்டாள்.

"என்ன தேடுற தாயி?"

"காப்பர், மாமா."

"என் வாளியிலயா? கறையான்தான் இருக்கும்" என்றார் அவர்.

வீட்டிலும் அதே நினைப்புதான். சாப்பிடும்போது சுகுமாறன் எதையாவது கேட்டால் "ம்" என்பாள். "உப்பு இல்லைன்னேன், அதுக்கும் ம்-தானா?" என்று அவன் சொன்ன பிறகுதான் தலையைத் தூக்குவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை விட்டு அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனாள். வள்ளிநாயகி பின்கட்டில் உட்கார்ந்து பித்தளைக் குடத்துக்குப் புளி தடவிக்கொண்டிருந்தாள். அடியில் பச்சைக் களிம்பு. குமுதவல்லி பேசிக்கொண்டே இருந்தவள் அப்படியே நிறுத்தினாள். பித்தளை என்றால் என்ன? காப்பரும் துத்தநாகமும். உலோகக் கலவைப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் அவள். அமோனியா பித்தளையைத் தின்னும், தின்றால் நீலம் பாரிக்கும் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவளும் அவளேதான். ஆனால் அம்மாவின் பூசைக்குடம் அந்தப் பாடத்துக்குள் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது குடம், சாமிக்கு உள்ளது, அவ்வளவுதான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மறைக்கத் தெரியாத முகம் அது. சொல்லிவிட்டாள். வள்ளிநாயகியின் கை குடத்தின் மேலேயே நின்றுபோயிற்று.

"அப்ப நாந்தான் கெடுத்தேனா உன் படிப்ப?"

"இல்லம்மா. குடந்தான்."

"குடத்தையும் நாந்தானே குடுத்தேன். உனக்கு நல்லது நடக்கணும்னு வேண்டிக்கிட்டுதான வச்சேன். அது இப்படியா போகணும்?" குடத்தைத் தள்ளி வைத்தாள். "முனியாண்டிக்கு என்மேல என்ன கோவமோ."

"சாமிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்? பாத்தியா நீ?"

குமுதவல்லி யோசித்தாள். பார்க்கவில்லைதான். பாலைக் குடத்திலும் ஊற்றினார்கள், சாமிக்கும் வைத்தார்கள். இரண்டும் ஒரே நாளில், ஒன்றாக நடந்தது. எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்காமல் அவள் பாட்டுக்கு ஒன்றைச் சொல்கிறாள். சாம்பலைக் கைகாட்டியவர்களும் இதைத்தானே செய்தார்கள்? அன்று வள்ளிநாயகி சோற்றில் கைவைக்கவில்லை.

அடுத்த வாரம் நல்லசாமி மாமாவிடம் ஒரே வாளிப் பால் வாங்கி நான்கு பங்காகப் பிரித்தாள். இரண்டு பங்கு முனியாண்டிக்கு முன்னால்: ஒன்று பித்தளைக் குடத்தில், ஒன்று எவர்சில்வர் தூக்கில். மற்ற இரண்டும் பூசை இல்லாமல் மாமாவின் கொட்டகையில்: ஒன்று இரவல் வாங்கிய பித்தளைக் குடத்தில், ஒன்று எவர்சில்வரில். அதே சாம்பல், அதே நேரம், அதே அடுப்பு. திட்டத்தைப் படித்த டாக்டர் நோரைனி தலைநிமிர்ந்து கேட்டார்.

"பூசைக்குமா தனிச் சோதனை?"

"ஆமா டாக்டர். கேள்வி கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணும்."

"யார் கேட்டது?"

"எங்கம்மா."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. "நியாயமான கேள்விதான். செய்" என்று கையெழுத்துப் போட்டார்.

துண்டுகளை அடுப்பிலிருந்து எடுக்கிற அன்று அம்மாவையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்த வள்ளிநாயகி, கடைசியில் பட்டுப்புடவையே கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான்கு கண்ணாடித் தட்டுகள் வரிசையாக மேசைமேல் இருந்தன. எது எதுவென்று தட்டின் அடியில்தான் எழுதியிருந்தது.

"தொட்டுப் பாரும்மா."

முதல் தட்டில் விரலை வைத்தாள். ஒன்றுமில்லை, வழுவழுவென்று இருந்தது. இரண்டாவதில் வைத்தபோது ரப்பர் விரலோடு கிளம்பி வந்தது. மூன்றாவதும் ஒட்டியது. நான்காவது ஒட்டவில்லை. உதறினாலும் போகாத பிசினை இன்னொரு கையால் உரித்துக்கொண்டே மகளைப் பார்த்தாள். குமுதவல்லி தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் இருந்ததைப் படித்தாள். ஒட்டிய இரண்டும் பித்தளை. அதில் ஒன்று சாமி முகத்தையே பார்க்காதது. ஒட்டாத இரண்டும் எவர்சில்வர்.

தலைப்பு தப்பித்தது, சாம்பல் தப்பித்தது, இனி குழு எதையும் மூட முடியாது என்று டாக்டர் நோரைனி அவள் தோளைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். குமுதவல்லிக்கு அது பாதிதான் காதில் ஏறியது. அம்மா முதல் தட்டை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தாள்.

"இது முனியாண்டிக்கு வச்சதா?"

"ஆமாம்மா."

வள்ளிநாயகி மறுபடியும் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"குடத்துல ஊத்தினது என் தப்புதான்" என்றாள் மெதுவாக. "ஆனா உனக்காக வேண்டிக்கிட்டது தப்பாப் போகல, இல்ல?"

"போகலம்மா" என்றாள் குமுதவல்லி.