சந்தனத்துக்கு அடியில் ஒரு பட்டன்

இன்று தெங்கேராவில் உள்ள கார் ஒர்க்‌ஷாப்பில் நான் ஜெயித்தேன்!

ஜப்பானில் ஓடிவிட்டு வந்த எங்கள் ரீகண்டிஷன் காருக்கு நேற்று அங்கேதான் டயர் மாற்றினோம். அதிலிருந்து, காற்று குறைந்தால் எரிய வேண்டிய மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. காற்றோ நான்கு டயரிலும் சரியாக இருந்தது.

"லைட்டு எரியுது. நாளைக்குச் செலண்டாருக்கு இந்தக் காடி வேணாம்" என்றார் கணவர். நாளை செலண்டாரில் என் தங்கைக்கு வளைகாப்பு!

காரை மறுபடி அங்கேயே கொண்டுபோனோம். ஒர்க்‌ஷாப் தம்பி சிரித்தார். "அக்கா, பல்ப கழட்டிப் போட்டா முடிஞ்சிச்சி லா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நானே உள்ளே உட்கார்ந்து தேடினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, கார் பூஜையன்று கணவர் அப்பிய சந்தனம் கட்டியாகக் காய்ந்திருந்தது. சுரண்டினேன்.

"சாமி பொட்டு, கை வைக்காத!" என்று கணவர் பதறினார்.

அடியில், டயர் படம் போட்ட ஒரு பட்டன். அழுத்திப் பிடித்தேன். விளக்கு கண்சிமிட்டிவிட்டு அணைந்தது.

"டயர் மாத்துனா இத அமுக்கணுமாக்கா?" என்றார் தம்பி.

வீட்டுக்கு வந்ததும் கணவர் புதிதாகச் சந்தனம் குழைத்தார். "ஹார்ன் மேல வைங்க, சாமி பொட்டுன்னு அமுக்க மாட்டீங்க, ஊராவது நிம்மதியா இருக்கட்டும்" என்றேன்.

உங்கள் காரில் சந்தனத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? சுரண்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.